சூளைப் பஞ்சும் தவக்காலத் தியானமும்

ஆல்பர்ட்டின் காது சாதாரணக் காது இல்லை. விருத்தாசலம் முழுவதிலும் இதை உறுதியாக நம்பியவர் ஒருவர்தான், அது ஆல்பர்ட்.

தொழிற்பேட்டையில் பியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் செய்கிற பீங்கான் கம்பெனி ஒன்றில் அவருக்கு இருபத்தெட்டு வருடமாக ஒரே வேலை. சூளையில் வெந்து ஆறி வருகிற உருப்படியை இடது கையில் தூக்குவார். வலது கையில் இருக்கும் பென்சில் அளவு இரும்புக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டுவார். 'டிங்' என்றால் நல்ல சரக்கு. 'டொக்' என்றால் உள்ளே எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல். உடைசல் குவியலுக்குப் போக வேண்டியது. இருபத்தெட்டு வருடம் இப்படித் தட்டினால் வேறு ஆளாக இருந்தால் தலை சுற்றியிருக்கும். ஆல்பர்ட்டுக்குத் தலை கனத்தது. உலகத்தையே டிங், டொக் என்று இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டார். தேங்காய், எவர்சில்வர் அண்டா, புதுக் கதவு எதுவும் தப்பாது. மனைவி மெர்சியின் தம்பியை மட்டும் தட்டிப் பார்க்காமலே டொக் என்று ஒதுக்கியிருந்தார்.

அந்தத் தீர்ப்பின்படி ஊரிலேயே சுத்தமான டிங் ஒன்று உண்டென்றால், அது அவருடைய சொந்தக் குரல். ஞாயிற்றுக்கிழமை பூசையில் இரண்டாம் வாசகம் வாசிப்பது அவர்தான். அவர் வாசிப்பதைக் கேட்டிருந்தால் பவுலடிகளார் கொரிந்தியருக்கு இன்னும் நாலு கடிதம் சேர்த்தே எழுதியிருப்பார் என்பது அவருடைய கணிப்பு. ஆனால் வாசகம் என்பது மூன்று நிமிடச் சமாச்சாரம். ஆல்பர்ட்டின் கண் இருந்தது பெரிய வெள்ளியின் மேல்.

பெரிய வெள்ளி மதியம் சிலுவையில் சொன்ன ஏழு திருவாக்குகளுக்கும் ஒருவர் நின்று தியான உரை சொல்ல வேண்டும். கோயில் கொள்ளாத கூட்டம், ஒன்றரை மணி நேரம், ஒரே ஒரு குரல். பதினோரு வருடமாக அந்த இடத்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சூசைநாதன் பிடித்து வைத்திருந்தார். அவருக்கு மூக்கில்தான் குரல். "தந்தையே, இவர்களை மன்னியும்" என்பதை வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுவது போலச் சொல்வார். பின்வரிசையில் யாராவது 'உள்ளேன் ஐயா' என்று எழுந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கும். பதினோரு பெரிய வெள்ளியிலும் ஆல்பர்ட் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, அவர் விழுங்கிய எழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒருசந்தி நோன்பு வேறு. வயிறும் எரியும், மனமும் எரியும்.

இந்த வருடம் புதுப் பங்குத்தந்தையாக வந்திருந்த ஜெயராஜ் சாமி வயதில் சின்னவர். வெயிலுக்குப் பயந்து கோயிலுக்கு வராதவர்களுக்காக ஓர் ஏற்பாடு செய்தார். தவக்காலத்தின் ஆறு வெள்ளிக்கிழமையும் மாலை ஏழு மணிக்குப் பங்கின் யூடியூப் பக்கத்தில் கால் மணி நேரத் தியானம், நேரலை. பேசுகிறவர் அவரவர் வீட்டிலிருந்தே பேசலாம். பூசை முடிவில் அறிவித்துவிட்டுக் கடைசியாக ஒரு வரி சேர்த்தார்.

"யாரு பேசுறது சனங்க காதுல தெளிவா வுழுந்து மனசுல நிக்குதோ, அவங்களே பெரிய வெள்ளி ஏழு வாக்கியத்தையும் பேசட்டும்."

ஆல்பர்ட் தலை குனிந்து சிலுவை போட்டுக்கொண்டார். நன்றி செலுத்துகிறார் என்று பக்கத்து ஆள் நினைத்தார். உண்மையில் சிரிப்பை மறைத்தார்.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் நான்சியிடம் விஷயத்தைச் சொன்னதும், அவள் தன் ஆபீசில் விசாரித்து ஒரு மைக்கை அனுப்பிவைத்தாள். கறுப்பாக, குண்டாக, தலையில் பஞ்சு உருண்டையுடன் இருந்தது. வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு பேசினால் போதும், பக்கத்துச் சத்தம் எதையும் வாங்காது, துணி நிறைய இருக்கிற அறையாகப் பார்த்து உட்காருங்கள் என்று போனில் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை என்றாள். ஆல்பர்ட்டுக்கு அந்தச் சுருக்கம் பிடிக்கவில்லை. பெரிய விஷயம் இப்படி இரண்டு வரியில் முடியாது.

பெட்டியிலிருந்து மைக்கை எடுத்து, சட்டைப் பையிலிருந்து கம்பியை உருவி, ஒரு தட்டுத் தட்டினார்.

டொக்.

மறுபடி திருப்பித் தட்டினார். டொக்கேதான்.

"கிராக் பீஸு," என்றார் மெர்சியிடம். "புள்ள கையில தள்ளி வுட்டுட்டானுங்க."

மெர்சி தையல் மிஷினில் இருந்து தலை தூக்காமல், அது பிளாஸ்டிக்கு, பிளாஸ்டிக்கு அப்படித்தான் சத்தம் போடும் என்றாள். இருபத்தெட்டு வருட அனுபவம் பேசுகிற இடத்தில் ரவிக்கை தைக்கிறவள் பேசக் கூடாது என்பது போல ஆல்பர்ட் முகத்தை வைத்துக்கொண்டார். மைக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு, தானே ஆராய்ந்து வேறொன்று தருவித்தார். முழு உடம்பும் உலோகம், வெள்ளிக் கலர், கோயில் கலசம் போலப் பளபளப்பு. தட்டினார். டிங் என்று கணீரென எழும்பி, ஜன்னல் கம்பி வரை போய் அடங்கியது. ஆல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டார். தாலி கட்டிய அன்றைக்குக்கூட இவர் இப்படிக் கண்ணை மூடியதில்லை என்று மெர்சிக்குத் தோன்றியது.

அடுத்தது அறை. கம்பியை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுவர் சுவராகத் தட்டிக்கொண்டு நடந்தார். கூடம் டொக். படுக்கையறையில் மெத்தையும் தலையணையும் துணி பீரோவும் சேர்ந்து மகா டொக். பின்பக்கத்துச் சின்ன அறை ஒன்றுதான் தேறியது. எப்போதோ டைல்ஸ் கம்பெனிக்காரன் தள்ளிவிட்ட இரண்டாம் தரச் சரக்கை வாங்கி, தரையில் ஆரம்பித்துக் கூரை வரைக்கும் ஒட்டியிருந்த அறை. கதவைச் சாத்திக்கொண்டு செருமினார். அந்தச் செருமல் நான்கு சுவரிலும் மோதி, ஆள் இறங்கி வருவது போல மேலிருந்து திரும்பி வந்தது. இதுதான் இடம் என்று முடிவானது.

அங்கேதான் மெர்சியின் தையல் மிஷின் இருந்தது. அது சமையலறைக்கு இடம்பெயர்ந்தது. ஈஸ்டருக்குக் கொடுக்க வேண்டிய பதினேழு ரவிக்கைகளும் அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன.

முதல் வெள்ளி சூசைநாதன் பேசினார். போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, படுக்கையில் சாய்ந்துகொண்டு பேசியது போல இருந்தது. நடுவில் ஒருமுறை போன் சரிந்து, மீதி நேரமெல்லாம் மின்விசிறிதான் தெரிந்தது. ஆனால் பேச்சு காதில் விழுந்தது. ஆல்பர்ட் ஏளனமாகச் சிரித்துவிட்டு, தன்னுடைய இரண்டாம் வெள்ளிக்குத் தயாரானார்.

இரண்டாம் வெள்ளி ஏழு மணிக்கு வெள்ளைச் சட்டையில், பின்னால் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துடன், கலச மைக்கின் முன்னால் உட்கார்ந்து தொடங்கினார். அவர் ஒரு வாக்கியத்தை முடிக்கும்போது டைல்ஸ் அதையே இன்னொரு முறை தொடங்கியது. அவர் அடுத்ததைச் சொல்லும்போது முதல் வாக்கியம் இன்னும் அறையில் சுற்றிக்கொண்டிருந்தது. அது மட்டுமென்றால் போகட்டும். கலசம் கேட்காத சத்தம் கிடையாது. தெருமுனையில் வேப்பூர் பஸ்சு அடித்த ஹாரனைக் கேட்டது. ஜங்ஷனில் சரக்கு ரயில் பெட்டி கோத்ததைக் கேட்டது. பக்கத்து வீட்டுக் குக்கரை விசில் விசிலாகக் கேட்டது. எட்டாவது நிமிடத்தில் ஆல்பர்ட் குரலை இறக்கி, இந்தத் தவக்காலத்தில் ஆண்டவர் நம்மிடம் கேட்பது என்ன என்று கேட்டுவிட்டு, விசுவாசிகள் சிந்திப்பதற்காக நீண்டதொரு இடைவெளி விட்டார். அந்த இடைவெளியில், சமையலறையில் போன் பேசிக்கொண்டிருந்த மெர்சியின் குரல் பங்கு முழுவதற்கும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

"முதுகுல எவ்ளோ எறக்கம் வெக்கணும்?"

கீழே கருத்துகள் வரிசையாக வந்து விழுந்தன. சார் கிணத்துல வுழுந்துட்டாரா என்று ஒருவர். ஏழு ஆல்பர்ட்டு ஒண்ணா பேசுற மாதிரி இருக்குது என்று ஒருவர். மூன்று இஞ்ச் போதும் அக்கா என்று ஒரு பெண்.

மறுநாள் ஜெயராஜ் சாமி போன் பண்ணினார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. முயற்சி பெரிசு, சத்தம்தான் கொஞ்சம் சுத்துது என்றார். ஆறாவது வெள்ளிக்குப் பேச வேண்டியவர் மகள் பிரசவத்துக்குப் போகிறாராம், வேண்டுமானால் அந்த நாளை எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஆறாவது வெள்ளி என்பது கடைசி வெள்ளி. அதற்கு அடுத்தது பெரிய வெள்ளிதான்.

அதன் பிறகு கம்பெனியில் அவருடைய தட்டலில் சுரத்து இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் காத்தவராயன் என்ன விஷயம் என்று கேட்டான். காத்தவராயன் சூளை வேலைக்காரன். சூளையின் உட்சுவரில் வெப்பம் வெளியே போகாமல் இருக்க ஒட்டுகிறார்களே, கம்பளி மாதிரி வெள்ளைப் பஞ்சு, அது உதிர்ந்தால் புதுசு ஒட்டுவது அவன் பொறுப்பு. அந்தப் பஞ்சைப் பற்றி ஊரில் அவனைவிட அதிகம் தெரிந்தவர் கிடையாது. ஆனால் அவன் யாரிடமும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

ஆல்பர்ட் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வாங்க சார் என்று ஆறிக் கிடந்த மூன்றாம் நம்பர் சூளைக்குள் கூட்டிப் போனான். நேற்றுதான் புதுப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"இதுல நின்னு பேசிப் பாருங்க சார். நம்ம குரல யாரோ வாயிலேருந்தே புடுங்கிக்கின மாதிரி இருக்கும்."

ஆல்பர்ட் ஒரு வாக்கியம் பேசினார். குரல் வெளியே போனது, திரும்பவில்லை. சாவு வீட்டில் போட்ட மொய் மாதிரி போயே போய்விட்டது. கம்பியால் பஞ்சைத் தட்டினார். டொக்குகூட வரவில்லை. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. போனில் பதிவு செய்து வெளியே வந்து கேட்டார். அவருடைய குரல் அவருடைய காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசியது. மூச்சு தெரிந்தது, உதடு பிரிவது தெரிந்தது, எச்சில் விழுங்குவதுகூட ஒரு கம்பீரத்துடன் இருந்தது.

இருபத்தெட்டு வருடம் டொக் என்றால் உடைசல் என்று வாழ்ந்த மனிதர், மதியம் ஒன்றரை மணிக்கு, சூளை வாசலில் நின்று, டொக்கும் நல்லதாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். வெளியே சொல்லவில்லை. மனதுக்குள்தான்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை முதலாளியிடம் சொல்லி வாங்கிக்கொண்டார். காத்தவராயன் மூட்டை கட்டித் தரும்போது மூன்று விஷயம் சொன்னான். கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தொடணும். ஒட்டியதும் மேலே கெட்டித் துணி போட்டு இடைவெளி விடாமல் மூடித் தைத்துவிடணும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத தூசு பறந்து வந்து அரிக்கும், சாதாரண அரிப்பு இல்லை.

"துணி போட்டா சத்தம் துணியில பட்டுத் திரும்பும் காத்தவராயா. அது ஒனக்குத் தெரியாது."

"சத்தம் திரும்புமோ என்னமோ சார். நீங்க திரும்பித் திரும்பி சொறிவீங்க," என்றான் காத்தவராயன்.

மெர்சியும் பழைய போர்வை நாலு இருக்கிறது, மிஷினில் ஓட்டித் தருகிறேன் என்றாள். ஆல்பர்ட் மறுத்தார். துணி போட்டால் சத்தம் திரும்பிவிடும், இது ஒலி விஞ்ஞானம், மெத்தை உறை இல்லை என்றார். வியாழக்கிழமை லீவு போட்டு, தானே ஏணி வைத்து, நான்கு சுவரிலும் கூரையிலும் பஞ்சை ஒட்டினார். முழுக்கைச் சட்டை, கையுறை, மூக்கில் துணி எல்லாம் ஒட்டும்போது சரியாகவே போட்டுக்கொண்டார். அதனால் அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. காத்தவராயன் சொன்னதில் பாதி பயமுறுத்தல் என்று முடிவு கட்டினார்.

ஆறாம் வெள்ளி. பங்குனி வெயில் சுவரில் இறங்காமல் அப்படியே நின்ற சாயங்காலம். ஏழு மணிக்கு ஆல்பர்ட் கதவைச் சாத்தினார், ஜன்னலைச் சாத்தினார், இடுக்கில் துண்டைச் செருகினார். மின்விசிறி சத்தம் போடும் என்று அதையும் நிறுத்தினார். அரைக்கைச் சட்டை. சூளைக்கான பஞ்சு, சூளைக்கான வேலையைச் செய்யத் தொடங்கியது. உள்ளே இருந்த ஒரே உருப்படி மெல்ல வேகத் தொடங்கியது.

முதல் நாலு நிமிடம் அவருடைய வாழ்க்கையின் மிகச் சிறந்த நாலு நிமிடம். குரல் பட்டு மாதிரி போயிற்று. கூடத்தில் போனில் பார்த்துக்கொண்டிருந்த மெர்சிக்கே, கல்யாணம் பேச வந்த நாளில் இந்த மனுஷன் குரல் நல்லாத்தான் இருந்தது என்று ஞாபகம் வந்தது.

ஐந்தாவது நிமிடத்தில் வியர்வை கழுத்துக்கு இறங்கியது. கூரையிலிருந்து இறங்கி வந்த தூசும் அதே நேரத்தில் கழுத்துக்கு வந்து சேர்ந்தது. ஆல்பர்ட் தோளைச் சற்றே குலுக்கினார். நேரலை, சொறியக் கூடாது. ஏழாவது நிமிடத்தில் முழங்கை மடிப்பு. கைகளை இறுகக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் அசைந்தார். ஒன்பதாவது நிமிடத்தில் கண். சும்மா விட்டிருந்தால்கூடத் தேவலாம். விரலால் ஒரு தடவு தடவினார், அதோடு முடிந்தது. இரண்டு கண்ணிலும் தண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. தொண்டை கரகரத்தது. ஆண்டவர் சிலுவை சுமந்த கல்வாரிப் பயணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவருக்குச் சொல் உடைந்தது. நெஞ்சில் அரித்த இடத்தில் கையை மடக்கிக் குத்தினார். இன்னொரு குத்து. மூன்றாவது குத்தில் கொஞ்சம் இதமாக இருந்ததால் தொடர்ந்து குத்தினார். பதின்மூன்றாவது நிமிடத்தில், எழுதி வைத்திருந்த தாளைக் கீழே போட்டுவிட்டு, மேலே பார்த்து, அவருடைய வாழ்நாளில் அதுவரை சொல்லாத உண்மையோடு ஒரு வாக்கியம் சொன்னார்.

"இதுக்கு மேல என்னால தாங்க முடியாது ஆண்டவரே."

நேரலை நின்றது. கதவு திறந்தது. ஆல்பர்ட் குளியலறைக்கு ஓடினார். மெர்சி வாளி வாளியாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். அப்புறம், துணி போட்டா சத்தம் திரும்பிடும் இல்ல என்று மட்டும் கேட்டாள்.

கண் வீக்கம் வடிந்து போனை எடுத்துப் பார்த்தபோது அவருக்கு முதலில் விளங்கவில்லை. வழக்கமாக எண்பது பேர் பார்க்கிற பக்கத்தை நாலாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். சார் நீங்க அழுததைப் பார்த்து எங்கள் வூட்டில் எல்லோரும் அழுதோம். கம்மாபுரத்திலிருந்து ஒரு குடும்பம், பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை. இவ்வளவு விசுவாசமா. நெஞ்சில் அடித்துக்கொண்டாரே, அதைப் பார்த்து என் வூட்டுக்காரர் குடியை விட்டுவிட்டார். இது முப்பது லைக் வாங்கியிருந்தது. ஆல்பர்ட் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். குரல் என்ற சொல்லைத் தேடினார். கணீர் தேடினார். உச்சரிப்பு தேடினார். முன்னூறு கருத்தில் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் காலையில் சூசைநாதன் நேரிலேயே வந்தார். வாசலில் நின்றபடியே ஆல்பர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நா பதினோரு வருசமா பேசினேன் ஆல்பர்ட்டு. எனக்குப் பேசத்தான் தெரியுது. ஒனக்கு அழுவத் தெரியுது. நீயே பேசு."

ஆல்பர்ட் பதினோரு வருடம் காத்திருந்த வெற்றி அது. வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. அன்று சாயங்காலமே ஜெயராஜ் சாமியும் சொல்லிவிட்டார், பெரிய வெள்ளி உங்களுக்குத்தான் என்று. கண்ணீரைப் பார்க்க வேப்பூர், கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்திலிருந்தெல்லாம் சனங்கள் வருவதாகப் போன் வருகிறதாம். வெளியே இரண்டு பந்தல் கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறாராம்.

மெர்சி பஞ்சையெல்லாம் போர்வையில் வைத்து மூடித் தைத்துக்கொண்டிருந்தாள். தலை தூக்காமல் கேட்டாள்.

"ஏங்க, கோயில்ல டைல்ஸும் இல்ல, பஞ்சும் இல்ல. அழுவை எங்கேருந்து வரும்?"

"வரும்."

"ஒரு துண்டு கர்ச்சீப்புல சுருட்டித் தரட்டா?"

அவள் கேலிக்குக் கேட்டாள். ஆனால் ஆல்பர்ட் வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடம் அவரை நாலு நாள் தூங்கவிடவில்லை. துண்டு வேண்டாம் என்றால் கூட்டம் ஏமாறும். அடுத்த வருடம் சூசைநாதனின் மூக்கு திரும்பி வரும். துண்டு வேண்டும் என்றால், சிலுவைக்கு முன்னால் நின்றுகொண்டு சூளைப் பஞ்சால் அழுதவன் என்று அவருக்கு மட்டுமாவது தெரிந்திருக்கும்.

புதன்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சல்லடைத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஜெயராஜ் சாமி. ஆல்பர்ட் டிங்கில் ஆரம்பித்து வரிசையாகச் சொன்னார். மைக், டைல்ஸ், சூளை, காத்தவராயன் சொன்னது, தான் கேட்காதது, கழுத்து, முழங்கை, கண். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமிக்கு இருமல் வந்தது. வெகுநேரம் இருமினார்.

"அப்ப நெஞ்சுல அடிச்சிக்கினது?" என்றார் கடைசியில், சிரிப்பை விழுங்கிய குரலில்.

"அரிச்சிது சாமி."

மறுபடி இருமல்.

"தாங்க முடியாது ஆண்டவரேன்னு சொன்னது?"

"அது நெஜம் சாமி. சத்தியமா தாங்க முடியல."

இந்த முறை சாமி எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கர்ச்சீப் யோசனையைச் சொன்னதும், வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லுங்கள் என்றார். அப்படியானால் பெரிய வெள்ளிக்கு வேறு ஆளைப் போட்டுவிடுங்கள் சாமி என்றார் ஆல்பர்ட். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் நிஜமாகவே உடைந்தது.

"அது என்னால முடியாது ஆல்பர்ட்டு. இங்க கேட்டத வச்சி வெளிய நா ஒண்ணும் செய்யக் கூடாது. நீங்க சொன்னது எனக்குத் தெரியாது. நீங்கதான் பேசணும்."

பெரிய வெள்ளி மதியம் கோயிலும் நிறைந்து பந்தலும் நிறைந்தது. ஒலிபெருக்கி கருவேப்பிலங்குறிச்சி தங்கதுரையுடையது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் எல்லாவற்றுக்கும் அவன்தான். மைக்கின் கழுத்தை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தான். ஆல்பர்ட் முன்னால் வந்து நின்றார். கையில் கர்ச்சீப் இருந்தது. சுத்தமான, மெர்சி இஸ்திரி போட்ட, வெறும் கர்ச்சீப். முன்வரிசைப் பெண்கள் தங்கள் கர்ச்சீப்பை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டார்கள். பின்னால் பலர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

அவர் நன்றாகவே பேசினார். அதை இங்கே சொல்லியாக வேண்டும், வேறு யாரும் சொல்லப்போவதில்லை. எழுத்து ஒன்றையும் விழுங்கவில்லை. இழுக்கவில்லை, முழங்கவில்லை. பயத்தில் இருந்ததால் தன் குரலைத் தானே கேட்டு ரசிக்க மறந்துபோனார். அதனாலேயே குரல் ஒரு மனிதக் குரலாக இருந்தது. முதல் வாக்கியம் முடிந்தது. கண்ணீர் இல்லை. இரண்டாவது, மூன்றாவது. இல்லை. நாலாவது வாக்கியத்தில் கூட்டம் லேசாக நெளிந்தது. ஐந்தாவது வாக்கியம், "தாகமாய் இருக்கிறேன்." சொல்லிவிட்டு ஆல்பர்ட் நிறுத்தினார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய கண்ணையே பார்த்தது. கண் காய்ந்து கிடந்தது. என்ன செய்வது என்று தெரியாமல், ஒரு வாரமாக ஆறாத தடிப்பை, பிடரியில், விரலால் மெல்லச் சொறிந்தார்.

பீடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த ஜெயராஜ் சாமி அதைப் பார்த்தார்.

முதலில் அவருடைய உதடு துடித்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் தோள் குலுங்கத் தொடங்கியது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மூடிய கைக்குள்ளிருந்து விக்கல் போல ஒரு சத்தம் வந்தது. தங்கதுரையின் மைக் அதைக் கொஞ்சம் எடுத்துப் பந்தல் வரைக்கும் கொடுத்தது.

"சாமி அழுவுறாரு," என்று முன்வரிசையில் ஒரு பெண் சொன்னாள், சொல்லும்போதே அழுதாள்.

அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. பெஞ்சு பெஞ்சாகப் பரவிப் பந்தலுக்குப் போயிற்று. சூசைநாதன் மூக்கைச் சிந்தினார். சாமி ஒருமுறை தலையைத் தூக்கினார். கண் முழுக்கத் தண்ணீர், முகம் சிவந்து கிடந்தது. ஆல்பர்ட்டைப் பார்த்ததும் மறுபடி கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தூக்கிப் பிடித்திருந்த போன்களெல்லாம் ஒன்றாகச் சாமி பக்கம் திரும்பின. அந்தப் பெருங்கூட்டத்தில் அழாதவர் ஒருவர்தான். அவர் ஆறாவது வாக்கியத்தையும் ஏழாவது வாக்கியத்தையும் ஒழுங்காகச் சொல்லி முடித்தார்.

ஈஸ்டர் ஞாயிறு பூசை முடிந்து, கறிச் சோறு தின்றுவிட்டு, ஆல்பர்ட் கட்டிலில் சாய்ந்து வீடியோவைத் திறந்தார். பன்னிரண்டாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். எங்கள் சாமி மாதிரி யாருக்குக் கிடைக்கும். சின்ன வயசு, எவ்வளவு பக்தி. சாமியின் கண்ணீரை நாங்கள் சாகும்வரை மறக்க மாட்டோம். நானூறு கருத்து. பேசியவர் யார் என்று ஓர் ஆள் கேட்டிருந்தார்; அதற்கு இன்னொருவர், ரீடிங் வாசிப்பாரே அவர், போன வாரம் அழுதார், இந்த வாரம் அழவில்லை என்று பதில் போட்டிருந்தார்.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் அது இருந்தது. பெயர் பாரி. சுயவிவரத்தில் ஒரு டிராக்டர் படம்.

'வாய்ஸ் ரொம்ப கிளியரா இருக்குது. ஒவ்வொரு எழுத்தும் தனியா கேக்குது. எந்த மைக்குங்க?'

ஆல்பர்ட் எழுந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். மெர்சியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் படித்துவிட்டு, சரி பதில் போடுங்க, கேட்டவரு காத்திருப்பாரு இல்ல என்றாள்.

அவர் எழுத ஆரம்பித்தார். மைக் மட்டும் போதாது என்று ஆரம்பித்தார். காது முக்கியம் என்றார். பயிற்சி, மூச்சு, இருபத்தெட்டு வருட அனுபவம், பேசுகிறவனின் தன்மை. எட்டு வரி ஆனது. மெர்சி தோளுக்குப் பின்னால் நின்று படிப்பது தெரிந்தது. அந்தச் சும்மா நிற்றல்தான் தாங்க முடியவில்லை. எட்டு வரியையும் ஒவ்வொன்றாக அழித்தார். பிறகு ஒரே வரி எழுதி அனுப்பினார்.

'கருவேப்பிலங்குறிச்சி தங்கதுரை சவுண்டு சர்வீஸுங்க.'

ஒரு நிமிடத்தில் அதற்கு ஒரு லைக் விழுந்தது. தங்கதுரை போட்டிருந்தான்.